முதல் ஒரு நிமிடம்... நர்ஸ் கையில் ஒரு வீடியோ!

சினிமாவில் பிரசவக் காட்சி பார்த்திருப்பீர்கள். உள்ளே அலறல், வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும் அப்பா. பிறந்த குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் இரண்டு தட்டு தட்டுவார்கள். ‘குவா... குவா...’ சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதி!

நிஜத்தில் அப்படிச் செய்யவே கூடாது. தலைகீழாகத் தொங்கவிடுவது, ஓங்கித் தட்டுவது, குளிர்ந்த நீரைத் தெளிப்பது எல்லாமே குழந்தைக்கு ஆபத்து. ஆனால், அந்தக் காட்சி நம் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது பாருங்கள். தப்பான வீடியோவே இப்படிப் பதியும் என்றால், சரியான வீடியோ பதியாதா? பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கும் நர்ஸ்களுக்கு வீடியோ மூலம் பயிற்சி தருவதன் அடிப்படை இதுதான்.

நிறைமாதத்தில் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 85 பேர் அரை நிமிடத்துக்குள் தாங்களாகவே மூச்சுவிட ஆரம்பித்துவிடுவார்கள். இன்னும் 10 பேருக்கு, உடம்பை நன்றாகத் துடைத்து முதுகை மெல்லத் தேய்த்துவிட்டாலே போதும். மீதி உள்ள சுமார் 5 பேருக்குத்தான் மாஸ்க் வைத்து, பையை அழுத்தி, காற்றைச் செலுத்த வேண்டியிருக்கும். நர்ஸ்கள் இதை ‘ஆம்பு பேக்’ என்பார்கள். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் இது தொடங்கிவிட வேண்டும். அதனால்தான் அதற்குப் ‘பொன்னான நிமிடம்’ என்று பெயர்.

இப்போது ஒரு சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரவு 2 மணி. பணியில் இருப்பது ஒரே ஒரு நர்ஸ். குழந்தை பிறந்துவிட்டது, அழவில்லை. அவர் பயிற்சி எடுத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன. இப்படியொரு குழந்தையை அவர் பார்ப்பதோ எப்போதாவதுதான். பழகாத கைக்கு வித்தை மறந்துபோகும். அதைப் புத்தகம் படித்து மீட்டுவிட முடியாது. ‘மார்பு மெல்ல உயர வேண்டும்’ என்று புத்தகம் சொல்லும். மெல்ல என்றால் எவ்வளவு? மாஸ்க் வாய், மூக்கு, முகவாய் மூன்றையும் மூடவேண்டும், கண்ணில் படக்கூடாது. தலையை அதிகம் சாய்த்தாலும், குனியவிட்டாலும் மூச்சுக்குழாய் அடைபடும். இதையெல்லாம் வீடியோவில் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். சீனியரிடம் மறுபடி கேட்கக் கூச்சப்படும் இளம் நர்ஸுக்கு இது பெரிய வரம்.

டென்மார்க்கைச் சேர்ந்த மெட்டர்னிட்டி பவுண்டேஷன், ‘சேஃப் டெலிவரி ஆப்’ என்ற செயலியை உருவாக்கியது. பிரசவ அவசரங்களைச் சமாளிக்கும் விதத்தை அனிமேஷன் வீடியோக்களாகக் காட்டும் செயலி இது. எத்தியோப்பியாவில் 73 சுகாதார மையங்களில் இதைப் பரிசோதித்தார்கள். சில மையங்களின் ஊழியர்களுக்கு மட்டும் இந்தச் செயலியுடன் போன் கொடுத்தார்கள். 2016-ல் வெளியான முடிவுப்படி, ஓராண்டுக்குப் பிறகும் அவர்களுடைய திறமையும் அறிவும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. குழந்தை இறப்பும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆனால், அதற்குச் செயலிதான் காரணம் என்று அடித்துச் சொல்லுமளவுக்கு அந்த வித்தியாசம் உறுதியானதல்ல என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சமையல் வீடியோ பார்த்த உடனேயே தோசை வட்டமாக வந்துவிடுகிறதா? கண் கற்றதைக் கையும் கற்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சிப் பொம்மைகள். பையைச் சரியாக அழுத்தினால் பொம்மையின் மார்பு உயரும், தப்பாக அழுத்தினால் அசையாது. இந்தியாவில் 2009-ல் தொடங்கிய ‘நவஜாத் சிசு சுரக்ஷா’ திட்டத்திலும் இப்படிப் பொம்மையை வைத்துத்தான் பழக்குகிறார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு, பத்தே நிமிடம் பொம்மையில் செய்து பார்ப்பது. அதையே அடிக்கடி செய்வது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் இரவு 2 மணிக்குக் கை நடுங்காது. அந்தப் பத்து நிமிடத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்கித் தருவது மருத்துவமனைகளின் கடமை.

உலகில் 2022-ம் ஆண்டில் மட்டும், பிறந்து 28 நாள்கள் முடிவதற்குள் இறந்த குழந்தைகள் சுமார் 23 லட்சம். பிறக்கும்போது மூச்சுத் திணறுவது இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

அடுத்த முறை பிரசவ வார்டில் ஒரு நர்ஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தால், ‘இங்கேயும் வாட்ஸ்அப்பா?’ என்று உடனே முகம் சுளிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தையின் முதல் மூச்சுக்காக அவர் பாடம் படித்துக்கொண்டிருக்கலாம்!