ஈப்போவுக்கு எத்தனை நாற்காலி?

ஈப்போவில் புதிதாக ஒரு பெரிய கால்பந்து அரங்கம் கட்டலாமே என்று யார் பேச்செடுத்தாலும், முதலில் வந்து விழுவது ஓர் எண்தான்: நாற்பதாயிரம் பேர், ஐம்பதாயிரம் பேர். ஆனால் கடைசியாக முடிவு செய்ய வேண்டியதே அந்த எண்தான்.

ஆசையில் நியாயம் இல்லாமலில்லை. ஈப்போவில் இப்போதுள்ள பேராக் அரங்கம் 1965-இல் எழுந்தது. திடலைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் பந்து ஒரு பக்கம், ரசிகர் ஒரு பக்கம். கால்பந்துக்கென்றே கட்டும் அரங்கில் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரலாம்.

ஆனால் யார் விளையாடுவது? லீக், கிண்ணம் எல்லாம் சேர்த்தாலும் ஓர் அணி சொந்தத் திடலில் ஆண்டுக்கு இருபது ஆட்டம் ஆடினால் அதிகம். மற்ற நாளெல்லாம் புல்லுக்கும் விளக்குக்கும் காவலுக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். பேராக் அணியோ 2025-இல் சூப்பர் லீக்கிலிருந்தே விலகிவிட்டது. ஜொகூர் வேறு வழியில் போனது. 2014 முதல் ஆண்டுதோறும் லீக்கை வென்ற பிறகே, 2020-இல், 40,000 இருக்கைகளோடு சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தைத் திறந்தார்கள். ஷா ஆலாமில் 1994-இல் கட்டியது 80,000 பேருக்கு. 2018 மலேசியக் கிண்ணத்தைப் பேராக் வென்றது அங்கேதான். அதை இடித்துவிட்டு இப்போது எழுப்புவது 45,000 பேருக்கு. பாதிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்து நிலம். பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்பாகிவிட்ட மாநிலம் இது. ‘பழைய தோட்டம் சும்மாதானே கிடக்கிறது’ என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேருந்து போகாத தோட்டப்புறத்துக்கு 30,000 பேர் வருகிறார்கள், காருக்கு மூன்று பேர் என்றால் 10,000 கார். வந்துபோகும் வழியோடு ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் வைத்தாலும் 25 ஹெக்டர், அதாவது அறுபது ஏக்கருக்கும் மேல். திடலே 105க்கு 68 மீட்டர்தான், ஒரு ஹெக்டர்கூட இல்லை! மலிவு நிலத்தின் விலை தாரிலும் சாலையிலும் வந்து சேரும்.

தோட்டம் சும்மாவும் கிடப்பதில்லை. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் லயன் வீடுகளும் கம்பெனி நிலத்தில் எழுந்தவை. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்டம் கைமாற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியம் அனுமதிக்க வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்குவது மாநில அரசின் கையில். அந்த இரண்டு இடத்திலும் கோயிலுக்கும் பள்ளிக்கும் மாற்று நிலத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மண்வாரி இயந்திரம் வந்த பிறகு கேட்டால் பேரம்தான் மிஞ்சும்.

நகரத்துக்குள் வந்தால் வேறு தலைவலி. கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புக்கல். பல இடங்களில் மேலே ஈயலம்பம் கழுவித் தள்ளிய மணலும் சேறும். சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையும், உள்ளே பொந்து விழும். பெரிய தூண் ஒவ்வொன்றின் கீழும் துளைபோட்டுப் பார்க்காமல் அடித்தளம் போட முடியாது. இதற்குச் செலவழிக்கும் பணம் வெளியே தெரியாது என்பதால் முதலில் கத்தரி விழுவதும் இங்கேதான்.

கூரையிலும் அவசரம் ஆகாது. கோல திரெங்கானுவில் 2008-இல் திறந்த 50,000 பேர் அரங்கின் கூரை 2009 ஜூன் 2 அன்று இடிந்து விழுந்தது. 2013-இல், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, இன்னொரு பகுதியும் சரிந்தது.

என் கணக்கில் ஈப்போவுக்கு இப்போதைக்கு இருபதாயிரம் இருக்கை போதும், அதுவும் அணி திரும்பி வந்து இரண்டு மூன்று பருவம் நிலைத்து ஆடிய பிறகு. இரண்டு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் மேலடுக்கைத் தாங்கக்கூடிய அடித்தளத்தை மட்டும் முதலிலேயே போட்டுவிடலாம். கூட்டம் பெருகினால் ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம்.