பிழையைப் படித்தவர்

நியூயார்க் நகரில் உயர்நிலைப் பள்ளியை முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்ற நிலை 1970இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கறுப்பின மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் அப்பல்கலைக்கழகத்தின் சிட்டி கல்லூரி வளாகத்தில் புகுந்து போராடிப் பெற்ற உரிமை அது. புதிதாக வந்தவர்களின் கட்டுரைகளைப் பார்த்த பேராசிரியர்கள் பலர், இவர்கள் கல்லூரிக்கே லாயக்கில்லை என்று கைவிரித்தார்கள்.

மினா ஷானெஸி கைவிரிக்கவில்லை. தெற்கு டகோட்டாவின் சுரங்க ஊரான லீடில் 1924இல் பிறந்தவர் அவர். முனைவர் பட்டம் இல்லாமலே அக்கல்லூரியில் எழுத்துப் பயிற்சியை நடத்தியவர். 1970 முதல் 1974 வரை அங்கே சேர்ந்தவர்களின் சுமார் 4,000 கட்டுரைகளை வரிவரியாகப் படித்தார். அந்த உழைப்பிலிருந்து 1977இல் ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்ற நூல் பிறந்தது.

அவர் பிழையைப் பார்த்த விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு ‘எஸ்’ சேர்ந்தால் பன்மை. நிகழ்கால வினையோடு சேர்ந்தால் ஒருமை. பலர் செய்யும் செயலைச் சொல்லும் வினையிலும் ஒரு மாணவர் ‘எஸ்’ போடுகிறார். சிவப்பு மையால் சுழிப்பவருக்கு அது அசட்டை. ஷானெஸிக்கோ, தெரிந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றியதன் விளைவு. பிழைக்குக் காரணமான விதி பிடிபட்டால், பாடத்தை எங்கே தொடங்குவது என்பதும் பிடிபடும்.

ஷானெஸி இலக்கணத்தில் நின்றுவிட்டார், மொழிக்குள் இருக்கும் அதிகார மோதலைப் போதிய அளவு பார்க்கவில்லை என்று ஆய்வாளர் மின்-ஷான் லூ 1991இல் விமர்சித்தார். நியாயமான விமர்சனம். ஆனால் அப்படி விவாதிக்கும் அளவுக்கு அந்த மாணவர்களின் எழுத்தை ஆய்வுப்பொருளாக்கியவர் ஷானெஸிதான்.

நகரத்தின் நிதி நெருக்கடி 1976இல் நகரப் பல்கலைக்கழகத்தின் கட்டணமில்லாக் கல்விக்கு முடிவு கட்டியது. ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள். 1978இல், 54 வயதில், ஷானெஸி புற்றுநோயால் இறந்தார்.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவருக்கு இடம் தருவது பாதி வேலை. அவர் எழுதுவதைப் பொறுமையாகப் படிக்க ஆசிரியருக்கு நேரமும், அந்த உழைப்புக்கு உரிய சம்பளமும், அதை ஆய்வாக ஏற்கும் மரியாதையும் தருவது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்யாத அரசும் கல்லூரியும், மாணவர் தோற்கும்போது பழியை அவர்மீது போட உரிமையற்றவை.