நாலு கடை, நாலு கடி: நடக்கிற ஊருக்கு நட்சத்திரம் எதுக்குங்க?

வெளியூருக்கு டிக்கெட் போட்ட கையோட "அங்க பெஸ்ட் சாப்பாட்டுக்கடை எது"ன்னு தேடி, நட்சத்திரம் எண்ணி, மேப்புல புள்ளி வெச்சுக்கற நண்பர்கள் எனக்கு நிறைய. உங்களுக்கும் இருப்பாங்க. இல்லேன்னா அந்த நண்பரே நீங்களா இருப்பீங்க :-) அவங்களோட எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு. நடந்தே சுத்திடக்கூடிய ஊருக்கு இந்த லிஸ்ட் தேவையே இல்லை. அது மட்டுமில்லை, அந்த ஊரையே அது கொஞ்சம் கொஞ்சமா கெடுக்குது.

சென்னை மாதிரி ஊர்ல லிஸ்ட் பார்க்கறதுல நியாயம் இருக்கு. அடையார்லேர்ந்து அண்ணா நகர் போய், பார்க்கிங்குக்கு அலைஞ்சு, உட்கார்ந்த அப்புறம் சாப்பாடு சொதப்பினா அன்னிக்கு ராத்திரி காலி. தப்பான கடைக்குள்ள நுழையறதுக்கு விலை அதிகம், அதனால முன்னாடியே விசாரிக்கறோம். அடுத்த கடை இருபது தப்படியில இருக்கற ஊர்ல அந்தப் பயம் எதுக்கு?

நான் சொல்றது சான் செபாஸ்டியன் மாதிரி ஊரை. ஸ்பெயினோட வடக்குல, பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்துல, பாஸ்க் மக்களோட கடற்கரை நகரம். அவங்க மொழியில டொனோஸ்டியா. ஜனத்தொகை ரெண்டு லட்சம்கூட இல்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உருமேயா ஆறு, தலைமாட்டுல ஒரு குன்று, நடுவுல பழைய ஊர். இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்குப் பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள எத்தனை பார் இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சா பாதியில கணக்கு தப்பிடும்.

பார்னு சொன்னதும் டாஸ்மாக் பக்கத்துல இருக்கற இருட்டு ஷெட்டை நினைச்சுடாதீங்க. பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லாரும் வர்ற இடம் அது. கல்லா மேல தட்டுத் தட்டா பின்ச்சோ அடுக்கியிருக்கும். ஒரு வாய், ரெண்டு வாய்ல முடியற தீனி, பெரும்பாலும் ரொட்டித் துண்டு மேல ஏதாவது ஒண்ணு. பின்ச்சோன்னாலே குத்தறதுன்னு அர்த்தம், குச்சி குத்தி வைக்கறதால வந்த பேர். கூட குட்டி கிளாஸ்ல பீர் (அதுக்கு சுரிதோன்னு பேர்), இல்லேன்னா நம்ம டீ மாஸ்டர் மாதிரி உயரத்துலேர்ந்து ஊத்தற சாகோலிங்கற லேசா நுரைக்கற வெள்ளை ஒயின். குடிக்காதவங்க ஜூஸ் கேட்டா யாரும் முறைக்கறதில்லை.

அந்த ஊர்க்காரங்க ஒரே கடையில உட்கார்ந்து வயித்தை நிரப்பறதில்லை. குவத்ரியான்னு ஒரு நண்பர் கூட்டம் இருக்கும். ஒரு கடையில நின்னபடியே ஒரு மடக்கு, ஒரு கடி, நாலு வார்த்தை. அப்புறம் அடுத்த கடை. ராத்திரிச் சாப்பாட்டை நாலஞ்சு கடைக்குப் பிரிச்சுப் போட்டுடறாங்க. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பக்குவம். செபெச்சாவுல நெத்திலி. கன்பாராவுல காட்டுக் காளானும் முட்டை மஞ்சக்கருவும். மேல கருக விட்டுச் சுடற லா வின்யாவோட சீஸ்கேக் இன்னிக்கு உலகம் பூரா காப்பி ஆயிடுச்சு. ஊறுகாய் மிளகாய், ஆலிவ், நெத்திலி மூணையும் ஒரே குச்சியில குத்தின கில்டாவுக்கு 1946-ல வந்த ரீட்டா ஹேவொர்த் படத்தோட பேர்.

"ரெண்டே நாள்தான் இருப்பேன், ரிஸ்க் எதுக்கு"ங்கறது லிஸ்ட் கட்சியோட வாதம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பின்ச்சோ சாதாரணமா மூணுலேர்ந்து அஞ்சு யூரோ. பிடிக்கலைன்னா போனது அவ்வளவுதான், பத்து நிமிஷத்துல அடுத்த வாசல். பிரபலமான கடை வாசல்ல முக்கால் மணி நேரம் நின்னா, அந்த நேரத்துல மூணு கடை பார்த்திருக்கலாம். இதுல எதுங்க ரிஸ்க்?

அப்ப கண்ணை மூடிக்கிட்டு நுழையணுமா? கூடாது, கண்ணைத் திறந்துக்கிட்டு. நான் பார்க்கற அடையாளங்கள் இவ்வளவுதான்:

1. கல்லாவுக்குப் பின்னாடி எழுதின பலகை இருக்கா? சூடா செஞ்சு தர்றது பெரும்பாலும் அதுலதான் இருக்கும். தட்டுல குவிஞ்சிருக்கறதை மட்டும் பார்த்தா நல்லதைத் தவற விடுவோம்.

2. பக்கத்துல நிக்கற உள்ளூர்க்காரர் என்ன சாப்பிடறார்? விரலைக் காட்டி "அதுல ஒண்ணு". மொழி தேவையில்லை.

3. வாசல்ல ஆறு மொழியில போட்டோ மெனுவும், கையைப் பிடிச்சு இழுக்கற ஆளும் இருந்தா நடையைக் கட்டுங்க.

4. நேரம் முக்கியம். மதியம் ஒண்ணுலேர்ந்து மூணு, சாயங்காலம் ஏழரைக்கு மேல. நடுவுல நிறைய அடுப்பு அணைஞ்சிருக்கும். திங்கட்கிழமை பல கடை லீவு.

5. சைவக்காரங்களுக்கு காளான், பொரிச்ச பச்சை மிளகாய், தக்காளி சாலட். முட்டை ஓகேன்னா தோர்த்தியா.

தோர்த்தியான்னதும் நெஸ்டர் பார் ஞாபகம் வருது. முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட அந்தப் பெரிய அடையை மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுதான் போடறாங்க. துண்டு வேணும்னா முன்னாடியே போய்ப் பேர் கொடுக்கணும். ஊர்க்காரங்களுக்காக ஆரம்பிச்ச ஏற்பாடு, இன்னிக்கு உலகமே வந்து வரிசையில நிக்குது. கெடுக்குதுன்னு நான் சொன்னது இதைத்தான். நூறு கடை இருக்கற பழைய ஊர்ல, எல்லார் போன்லயும் அதே பத்துக் கடை. தெரு நடக்கற இடமா இல்லாம க்யூ நிக்கற இடமா ஆயிடுது. ஆபீஸ் முடிச்சு ஒரு சுரிதோ குடிக்க வந்த குவத்ரியாவுக்கு உள்ள நிக்க இடமில்லை. கைடு கூட்டிட்டு வர்ற கூட்டம் 25 பேருக்கு மேல இருக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாதுன்னு நகராட்சி 2024-ல விதி போடற அளவுக்கு நெரிசல்.

1813 ஆகஸ்ட் 31-ஆம் தேதி ஆங்கிலேய, போர்ச்சுகீசியப் படைகள் புகுந்து கொள்ளையடிச்சப்ப இந்த ஊர் கிட்டத்தட்ட மொத்தமா எரிஞ்சுது. தப்பினது ரெண்டு சர்ச்சும் ஒரு தெருவும்தான். அந்தத் தெருவுக்கு இன்னிக்கு அந்தத் தேதியே பேர், நான் சொன்ன லா வின்யா அங்கதான் இருக்கு. சாம்பல்லேர்ந்து எழுந்து வந்த ஊர் வெறும் போட்டோ எடுக்கற இடமா மாறிடக் கூடாதுங்கறதுதான் என் கவலை.

அர்சாக், அகெலாரே மாதிரி மூணு மிஷெலின் நட்சத்திரக் கடைக்குப் போகணும்னா புக் பண்ணித்தான் ஆகணும், அதுல எனக்கு ஆட்சேபம் இல்லை. அது கல்யாண விருந்து மாதிரி. நான் பேசறது தினப்படி சாப்பாட்டை.

அதனால மக்களே, லிஸ்டுலேர்ந்து ஆசைக்கு ஒரே ஒரு கடை வெச்சுக்கங்க, மத்ததை அழிச்சிடுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் க்ரோஸ்னு ஒரு பகுதி இருக்கு, வியாழக்கிழமை சாயங்காலம் போங்க. பின்ச்சோ-போத்தேன்னு ஒரு கிளாஸும் ஒரு கடியும் சேர்த்து சலுகை விலைக்குக் கொடுப்பாங்க. ஒரு கடையில ஒண்ணு சாப்பிட்டு, காசைக் கொடுத்து, நின்ன இடத்தை அடுத்தவருக்கு விட்டுட்டு நகருங்க. ஊர் கெடாது, உங்க சாப்பாடும் கெடாது.