மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

தியானப் பகுதி: எரேமியா 32:6–15



பிரசங்க பீடத்திலிருந்து வழக்கமாகக் கேட்கப்படாத ஒரு கேள்வியை இந்த வாரம் உங்கள்முன் வைக்கிறேன். உங்கள் வீட்டுக் கணினியில் உள்ள கோப்புகளை ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா? இதைச் சொல்ல ஒரு போதகர் வேண்டுமா, கணினிக் கடைக்காரர் போதாதா என்று சிலர் எண்ணக்கூடும். போதகரும் சொல்லவேண்டும் என்பதே என் கருத்து. நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டதை உண்மையாய்க் காப்பது உக்கிராணக்காரனின் கடமை. அந்தக் கடமை இன்று நம் வீட்டுக் கணினி மேசைவரை வந்திருக்கிறது.

மரணம் நேர்ந்த வீட்டிற்கு ஒரு போதகர் செல்லும்போது, அடக்க ஆராதனையின் நேரம் குறிக்கப்பட்டவுடன் குடும்பத்தார் தேடத் தொடங்குவது ஒரு நல்ல புகைப்படத்தை. முன்பு அது சுவரில் தொங்கியது, அல்லது அலமாரியிலிருந்த ஆல்பத்தில் இருந்தது. இன்று அது கணினிக்குள் இருக்கிறது. கணினியோ திறக்க மறுக்கிறது. அல்லது அதன் கடவுச்சொல் மறைந்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. சில நாட்கள் கழித்து அந்த வீட்டுத் தாயார் வேறொன்றைக் கேட்பார்: பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று தம் கணவர் செய்த ஜெபத்தின் வீடியோ. அந்தக் குரல் உலகில் வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. “டிஸ்க் போய்விட்டது, அம்மா” என்று மகன் சொல்லும்போது, துக்கத்தின்மேல் இன்னொரு துக்கம் அந்த வீட்டிற்குள் வருகிறது. முதல் துக்கத்தைத் தடுக்க நம்மால் இயலாது. இரண்டாவதைத் தடுத்திருக்கலாம்.

ஹார்டு டிஸ்க் என்பது நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகளைக் கொண்ட ஓர் இயந்திரம். பதிந்ததை வாசிக்கும் முனை, தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதந்து செல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் அந்த முனை தட்டில் உரசி, பதிந்திருப்பதை அழித்துவிடக்கூடும். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் முன்னறிவிப்பின்றி நின்றுபோகலாம். மீட்டுத் தரும் நிபுணர்கள் உண்டு. ஆனால் அதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் புதிய டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு அதிகம், பலனும் நிச்சயமில்லை.

“பூச்சியும் துருவும் கெடுக்கும் இடத்தில் பொக்கிஷம் சேர்க்கவேண்டாம் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்தாரே, கர்த்தரை நம்புகிறவன் இதற்கெல்லாம் அஞ்சலாமா?” என்று நம் சபையின் மூத்தவர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. அதற்கு வேதத்திலேயே ஒரு பதில் இருப்பதாக நான் நம்புகிறேன்.

பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா காவலில் வைக்கப்பட்டிருந்தார். நகரம் விழப்போகிறது என்று அறிவித்தவரும் அவரே. அந்த நாட்களில்தான் அவர் ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். கிரயப் பத்திரம் இரண்டாக இருந்தது: ஒன்று முத்திரையிடப்பட்டது, மற்றொன்று திறந்தது. இரண்டையும் நெடுநாள் நிலைத்திருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் சொன்னார். தேவன் மீண்டும் இந்த நிலத்திற்கு ஜனங்களைக் கொண்டுவருவார் என்று நம்பியவர்தான் பத்திரத்தைப் பாதுகாத்தார். நம்பிக்கை இல்லாதவனுக்கு நாளைக்கென்று பத்திரம் எதற்கு?

அந்தப் பாருக்குக்கு ஒரே பிரதியின் ஆபத்து நன்றாகத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், எரேமியா சொல்லச் சொல்ல அவர் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்துக் கணப்பின் நெருப்பில் போட்டான் (எரேமியா 36). தீர்க்கதரிசி உயிரோடு இருந்தபடியால், எல்லா வார்த்தைகளையும் மறுபடியும் எழுத முடிந்தது. உங்கள் தகப்பனாரின் குரலை மறுபடியும் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

மண்பாண்டத்தின் பலனை நம் காலமும் கண்டிருக்கிறது. 1947-ஆம் ஆண்டையொட்டிச் சாக்கடலின் அருகே கும்ரான் குகையில், மண்ஜாடிகளோடு ஏசாயா சுருள் கண்டெடுக்கப்பட்டது. அதுவரை நம்மிடம் இருந்த எபிரெய ஏசாயா கையெழுத்துப் பிரதிகளைவிட அது ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் பழமையானது. திருச்சபையும் இந்த ஞானத்தைக் கைக்கொண்டிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ திருமணச் சட்டத்தின்படி, ஆலயத்தில் நடக்கும் திருமணத்தின் பதிவு ஆலயப் புத்தகத்தோடு முடிவதில்லை; அதன் பிரதி அரசுப் பதிவாளருக்கும் செல்கிறது. ஓரிடத்தில் கறையான் அரித்தாலும் மற்றோரிடத்தில் சாட்சி நிற்கும்.

ஆகவே, செய்யவேண்டியவை சில. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டிற்கு வெளியே என்பது கணினி அறிந்தோர் பரிந்துரைக்கும் ஒழுங்கு. கணினியில் இருப்பது முதல் பிரதி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுப்பது இரண்டாவது. விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’, மேக்கில் ‘டைம் மெஷின்’ ஆகியவை இதற்கெனவே அமைந்தவை. கோப்புகளை நீங்களே இழுத்துப் போட்டாலும் போதும். மூன்றாவது பிரதி, வேறு தெருவில் வாழும் சகோதரியின் வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல வீடுகளில் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. மேசையின்மேல் கணினியும் கீழ் இழுப்பறையில் டிஸ்க்கும் இருந்தால், இரண்டும் ஒரே தண்ணீரில் நனையும்.

பிரதி எடுத்தபின் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். 2017 மே மாதம் பல நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்ட ‘வானாக்ரை’ போன்ற நச்சு நிரல்கள், இணைத்தே வைக்கப்பட்ட டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். “எல்லாம் கூகுள் போட்டோஸில் இருக்கிறது” என்று நிம்மதியாய் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: போனில் அந்தச் செயலியிலிருந்து அழிப்பது அங்கேயும் அழியும்படி அது இணைந்திருக்கிறது. குப்பைத்தொட்டியில் சில நாட்கள் தங்கியபின் அது நிரந்தரமாய்ப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது டிஸ்க்கைச் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருக்கவேண்டாம்.

எதைச் சேமிப்பது என்பதிலும் விவேகம் தேவை. லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவான் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டியது தனக்காகவே. ஒரே காட்சியின் 30 படங்களையும், யாரோ அனுப்பிய காலை வணக்கச் செய்திகளையும் சேர்ப்பதற்காக மேலும் மேலும் டெராபைட் வாங்குவது அவனுடைய வழி. உங்கள் பிள்ளைகளுக்கு எது வேண்டியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பத்திரங்கள், சான்றிதழ்கள், பெரியவர்களின் குரல், பெயரும் ஆண்டும் குறித்த சில நூறு படங்கள்: பெரும்பாலும் இவ்வளவே. டிஸ்க் இருக்கும் இடமும் கடவுச்சொல்லும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

நம் சபைக்கு ஓர் ஆலோசனையும் உண்டு. நம்பிக்கைக்குரிய இரண்டு குடும்பங்கள், கடவுச்சொல்லால் பூட்டிய தங்கள் டிஸ்க்குகளை ஒருவர் வீட்டில் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். தனியாய் வாழும் முதியோருக்கு வாலிபர் ஐக்கியத்தார் ஆராதனைக்குப்பின் ஒரு மணி நேரம் உதவலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தாயாருக்கு இது கணினி வேலையாய்த் தோன்றாது. தன்னை நினைத்து ஒருவர் வந்து உட்கார்ந்ததாகவே தோன்றும்.

எந்த டிஸ்க்கும் நித்தியமானதல்ல. ஐந்தாறு ஆண்டுகளில் அதையும் மாற்றவேண்டியிருக்கும். நம்மை நித்தியமாய் நினைவில் வைத்திருப்பவர் கர்த்தர் ஒருவரே. ஆயினும், அவர் தந்த மனிதரின் முகங்களையும் குரல்களையும் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் பொறுப்பு நம்முடையது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த மண்பாண்டத்தை ஆயத்தப்படுத்துங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, நீர் எங்களுக்குத் தந்தவற்றைக் கருத்தாய்க் காக்கவும், காக்க இயலாமல் இழந்தவற்றை உமது கரத்தில் ஒப்புவிக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.