மாலை வாடிய பிறகு...!

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள். காலையில் டில்லியிலிருந்து கீவ் நகர் நோக்கிப் பறந்த ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்பிற்று. உக்ரைன் நாட்டின் வான்வழி அடைக்கப்பட்டுவிட்டது. ரஷியப் படைகள் எல்லை தாண்டிவிட்டன. அந்த விமானத்தில் ஊர் வந்து சேரலாம் என்று பெட்டி கட்டிக் காத்திருந்த மாணவர்கள், அன்று பொழுது சாய்வதற்குள் சுரங்க ரயில் நிலையங்களிலும் விடுதிகளின் நிலவறைகளிலும் ஒண்டிக்கொண்டிருந்தனர்.

அவர்கள் மீட்கப்பட்ட கதையை நாடு அறியும். மீட்கப்பட்ட பின் நடந்த கதையைத்தான் நாடு மறந்துவிட்டது. அதனை நினைவூட்டவே இன்று எழுதுகிறோம். ஏனெனில், அது அன்றோடு முடிந்த கதையல்ல. மறுபடியும் மறுபடியும் நடக்கின்ற கதை.

உக்ரைனில் அன்று படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். பெரும்பாலோர் மருத்துவம் பயின்றவர்கள். கார்கிவ், சுமி, வின்னிட்சியா, டெர்னோபில், ஒடெசா என்று பல நகரங்களில் பரவியிருந்தனர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மட்டும் சுமார் 1,900 பேர்.

அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை என்ன, உல்லாச வாழ்க்கையா? விடுதி அறையை மூவரும் நால்வரும் பகிர்ந்துகொள்வர். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன சாம்பார்ப் பொடியும் ஊறுகாயும் தீரும் வரை பொதுச் சமையலறையில் முறை வைத்துச் சோறு வடிப்பர். குளிர் காலத்தில் உறைபனியில் நடந்து வகுப்புக்குப் போவர். பாடம் ஆங்கிலத்தில், ஆனால், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நோயாளி பேசுவதோ உக்ரைன் மொழி அல்லது ரஷிய மொழி. "எங்கே வலிக்கிறது, பாட்டி?" என்று கேட்பதற்காகவே புதியதொரு மொழியைக் கற்றாக வேண்டும். இத்தனையும் தாங்கி ஆறாண்டு கழித்து ஒரு பட்டம். அதற்காக ஊரிலே தகப்பனார் நிலத்தை அடகு வைத்திருப்பார். தாயாரின் கழுத்து வெறுங்கழுத்தாகியிருக்கும்.

போர் மூண்டது. பிப்ரவரி 15ஆம் நாள் நமது தூதரகம் ஓர் அறிவிப்புத் தந்தது. தங்கியிருக்க அவசியமில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி எண்ணிப் பார்க்கலாம் என்று. எண்ணிப் பார்த்தனர் மாணவர்கள். கல்லூரியோ வகுப்பை மூடவில்லை; வராதவர்களுக்கு வருகைப் பதிவு இல்லை. விமானக் கட்டணமோ நாளுக்கு நாள் ஏறிற்று. "கல்லூரி முடிவுக்குக் காத்திராதீர், புறப்படுங்கள்" என்று தூதரகம் திட்டவட்டமாகச் சொன்னது 22ஆம் நாள். 24ஆம் நாள் வானம் அடைபட்டது. இடையே இருந்தது ஒரே ஒரு நாள்!

பிறகு நடந்தது படிப்புப் பயணமல்ல, உயிர்ப் பயணம். மேற்கு நகரங்களில் இருந்தோர் போலந்து எல்லையை நோக்கி, வண்டிகள் மைல் கணக்கில் தேங்கி நின்ற சாலையில், பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தனர். மார்ச் 1ஆம் நாள் கார்கிவ் நகரில் மளிகைப் பொருள் வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டு வீச்சில் மாண்டார். மறுநாள் அந்நகரில் எஞ்சியிருந்தோர்க்கு வந்தது கட்டளை: இன்று மாலை 6 மணிக்குள் பெசோச்சின், பாபாயி, பெஸ்லுதோவ்கா ஆகிய ஊர்களுக்குப் போய்ச் சேருங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள் என்று. பத்துப் பதினைந்து கிலோமீட்டர், பனியில், குண்டுச் சத்தத்தின் நடுவே. வடகிழக்கே சுமி நகரில் சிக்கிய சுமார் 700 பேர் குடிநீர் இன்றிப் பனியை அள்ளி உருக்கிக் குடித்தனர். மார்ச் 8ஆம் நாள்தான் அவர்களைப் பேருந்தில் ஏற்றிப் போல்டாவா நகருக்குக் கொண்டு போக வழி பிறந்தது.

மீட்புப் பணியை நாம் குறைத்துக் கூறவில்லை. அண்டை நாடுகளுக்கு மத்திய அமைச்சர்கள் நால்வர் அனுப்பப்பட்டனர். 90 விமானங்கள் பறந்தன. சுமார் 22,500 பேர் தாயகம் திரும்பினர். தமிழ்நாட்டு மாணவர்களின் பயணச் செலவை மாநில அரசு ஏற்றது. முதலமைச்சரே விமான நிலையம் சென்று வரவேற்றார். வந்திறங்கிய பிள்ளைகளைப் பெற்றோர் கட்டிக்கொண்டு அழுத காட்சியைக் கண்டு கலங்காத கண் இல்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுகிறோம்.

ஆனால், மாலை எத்தனை நாளைக்கு வாடாமல் இருக்கும்?

மாலை வாடியது; வினா எழுந்தது. "உயிர் பிழைத்தோம். படிப்பு?" இந்த ஒற்றைச் சொல் வினாவுக்கு விடை சொல்ல டில்லி ஆளவந்தார்க்கு எத்தனை காலம் பிடித்தது என்று பாருங்கள்.

வெளிநாட்டில் மருத்துவம் படிப்போர்க்கு 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதிகள் வகுத்திருந்தது. 54 மாதப் படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் ஒரே நிறுவனத்தில், இந்தியாவுக்கு வெளியே முடித்திட வேண்டும் என்பது விதி. சரி. அந்த நிறுவனத்தின் மீது குண்டு விழுந்தால்? விதியில் அதற்கு வரி இல்லை!

இங்குள்ள கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்கள் கேட்டனர். தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரு முறை மட்டும் விலக்களித்துத் தனியார் கல்லூரிகளில் இடம் தரலாம் என்று நாடாளுமன்றத்தின் வெளியுறவுத் துறைக் குழுவே 2022 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. செப்டம்பரில் மத்திய அரசு உச்சநீதிமன்றத்தில் தந்த பதில் என்ன? சட்டத்தில் இடமில்லை என்றது. அதோடு நின்றதா? இவர்கள் வெளிநாடு போனதற்குக் காரணம் இரண்டு. நீட் தேர்வில் தகுதிக் குறைவு ஒன்று, செலவு மலிவு மற்றொன்று என்றும் சேர்த்துச் சொன்னது.

தகுதிக் குறைவாம்! நாம் கேட்கிறோம்: 2018ஆம் ஆண்டு முதல், நீட் தேர்வில் தேறாமல் வெளிநாட்டில் மருத்துவம் படித்து இங்கே தொழில் செய்ய முடியாது என்று விதி செய்தவர்கள் யார்? நீங்கள்தானே? உங்கள் அளவுகோலால் அளந்து, தேறியவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிள்ளையைத் தகுதி குறைந்தவர் என்று நீங்களே நீதிமன்றத்தில் சொல்வது எந்த நியாயம்?

கணக்கையும் பார்ப்போம். 2021இல் நீட் எழுதியோர் 15 லட்சத்து 44 ஆயிரம் பேர். தேறியோர் 8 லட்சத்து 70 ஆயிரம். அன்று நாட்டில் இருந்த மருத்துவ இடங்களோ ஏறத்தாழ 90 ஆயிரம். அதாவது, தேறியும் இடமில்லாதவர்கள் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல். இந்த 90 ஆயிரத்திலும் அரசுக் கல்லூரி இடம் கிடைத்தவர்க்குக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலோ படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டும் இடங்கள் உண்டு. மதிப்பெண் குறைந்தாலும் கோடி இருந்தால் இங்கேயே வெள்ளைக் கோட்டு. மதிப்பெண் கூடினாலும் கோடி இல்லாவிட்டால் கார்கிவுக்கு டிக்கெட்டு. அங்கே ஆறாண்டுக்கும் சேர்த்து இருபது, இருபத்தைந்து லட்சத்தில் கல்வி முடியும் என்பதால் போனார்கள். குறைந்தது தகுதியா, தகப்பன் பையில் இருந்த பணமா?

இனி, விடை வந்த விதத்தைக் கேளுங்கள். 2022 செப்டம்பரில் ஆணையம் ஒரு வழி திறந்தது: வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து படிக்கலாம், பட்டம் உக்ரைன் கல்லூரியே தர வேண்டும் என்று. போர் தொடங்கி ஆறு மாதம் கடந்து! இறுதியாண்டை எட்டியும் நேரில் பயிற்சி பெற முடியாது போனவர்களுக்கு, இங்கே எம்.பி.பி.எஸ். தேர்வெழுத இரண்டு வாய்ப்புகள் என்று உச்சநீதிமன்றம் முடிவு செய்தது 2023 மார்ச்சில். அரசு தர முன்வந்ததோ ஒரே வாய்ப்பு! அதன் பிறகு இரண்டாண்டுப் பயிற்சி. அதில் முதலாண்டுக்கு ஊதியம் இல்லை.

இடையில் உள்ள ஆண்டுகளில் படித்தோர் மறுபடியும் பெட்டி தூக்கினர். ஜார்ஜியாவுக்குச் சிலர். உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து நகருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர். போர் ஓயாத உக்ரைனுக்கே திரும்பிச் சென்றோரும் உண்டு! எந்த நாட்டிலிருந்து உயிர் தப்ப நடந்தார்களோ, அந்த நாட்டுக்கே பட்டத்துக்காகத் திரும்பிப் போனார்கள் என்றால், நாம் அவர்கட்குத் திறந்து வைத்த கதவு எத்தனை குறுகலானது என்று எண்ணிப் பாருங்கள்.

"போர் என்பது எதிர்பாரா விபத்து. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்பர் சிலர். விபத்தா? வரிசையாகச் சொல்கிறோம்.

2020 பிப்ரவரியில் சீனத்தின் வூகான் நகரிலிருந்து, கொரோனாவுக்குத் தப்பி, மாணவர்கள் விமானத்தில் கொண்டுவரப்பட்டனர். சீனப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கட்கு மீண்டும் விசா கிடைக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டில். அதுவரை மருத்துவப் படிப்பு கைப்பேசித் திரையில்! 2022இல் உக்ரைன். 2024 மே மாதம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கிற்று. நம் பிள்ளைகள் அறைக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தனர். அதே ஆண்டு ஜூலையில் வங்கதேசத்தில் கிளர்ச்சி, ஊரடங்கு, நாலாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் தரைவழியாகவும் வான்வழியாகவும் ஓடி வந்தனர். 2025 ஜூனில் ஈரான் மீது குண்டு விழுந்தது. அங்கே பயின்றவர்கள், பெரும்பாலும் காஷ்மீரத்துப் பிள்ளைகள், ஆர்மீனியா எல்லை கடந்து டில்லி வந்து சேர்ந்தனர்.

ஐந்தரை ஆண்டில் ஐந்து முறை! ஒரு முறை நடந்தால் விபத்து. ஐந்து முறை நடந்தால்? அது பாதை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை மருத்துவராக வேண்டுமானால் ஆபத்து உள்ள ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்று நாமே போட்டு வைத்திருக்கும் பாதை.

ஒவ்வொரு முறையும் மீட்புக்குப் பெயர் சூட்டுகிறார்கள். உக்ரைனுக்குக் கங்கை; ஈரானுக்குச் சிந்து. ஆறுகளின் பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆற்றைக் கடந்து கரையேறியவன் அதன் பிறகு எங்கே போவது என்பதற்குத் திட்டம் உண்டா? பெயராவது உண்டா?

தேர்வே வேண்டாம், அனைவரையும் மருத்துவராக்கி விடுங்கள் என்று நாம் கூறவில்லை. நோயாளியின் உயிர் விளையாட்டுப் பொருளல்ல. வெளிநாட்டுப் பட்டம் பெற்றோர்க்கு 2002 முதல் தனித் தேர்வு நடக்கிறது. 300க்கு 150 மதிப்பெண் பெற்றாக வேண்டும். பல முறை ஐவரில் ஒருவர் தேறுவதே அரிதாக இருந்திருக்கிறது. அந்த வடிகட்டி இருக்கட்டும். வடிகட்டியைக் காட்டி, வடிகட்டும் இடத்துக்கு வந்து சேரும் வழியையே அடைப்பதைத்தான் ஆகாது என்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரிய மாயமல்ல.

ஒன்று: போர், நோய், கலவரம் ஆகியவற்றால் கல்லூரி மூடப்பட்டால் மாணவர் எங்கே, எந்த முறையில் படிப்பைத் தொடரலாம் என்பதை விதியிலேயே முன்கூட்டி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அறிக்கை. ஓராண்டு கழித்து நீதிமன்றம் என்ற நிலை இனி வேண்டாம்.

இரண்டு: படிப்பு நின்ற காலத்துக்குக் கல்விக் கடன் வட்டியை நிறுத்துங்கள். குண்டு விழுந்தது கல்லூரியில். வட்டி ஏறுவது கும்பகோணத்திலா?

மூன்று: ஆள் பிடிக்கும் முகவர்களைப் பதிவு செய்யுங்கள். வேலைக்கு ஆள் அனுப்புவோர்க்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு, உரிமம் உண்டு. படிப்புக்கு அனுப்புவோர்க்கும் நாடு முழுதும் அத்தகைய கட்டுப்பாடு வேண்டும். அந்தப் பட்டம் அந்த நாட்டிலேயே மருத்துவத் தொழில் செய்ய உரிமை தருமா என்பதை எழுத்தில் தராமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்று ஆக்குங்கள்.

நான்கு: ஆபத்து வரும்போது "எண்ணிப் பாருங்கள்" என்று மாணவனிடம் சொன்னால் போதாது. அவன் வருகைப் பதிவு போகாது என்ற உறுதியை அந்நாட்டுக் கல்லூரியிடம் கேட்டுப் பெறுங்கள். அது தூதரகத்தின் வேலை. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் வேலையல்ல.

ஐந்து: இவை நான்கும் புண்ணுக்குக் கட்டு. நோய்க்கு மருந்து, எளியோர் கட்டக்கூடிய கட்டணத்தில் இங்கேயே இடம். மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி என்று தமிழ்நாடு நெடுங்காலமாக நடந்து வந்த வழி அதுதான். இடங்களின் எண்ணிக்கை நாடெங்கும் பெருகியுள்ளது. ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெருகிய இடங்களில் ஏழை வீட்டுப் பிள்ளை கட்டக்கூடியவை எத்தனை என்பதே கேள்வி.

வெளிநாடு சென்று படிப்பது தவறல்ல, பெருமை. பல நாடு கண்டு, பல மொழி கேட்டு, அறிவு தேடி வருவோரை வாழ்த்துகிறோம். அறிவு தேடிப் போகட்டும், விரும்பிப் போகட்டும். இங்கே கதவு அடைபட்டதால் போகிற நிலைதான் ஒழிய வேண்டும்.

பாபாயி ஊரை நோக்கிப் பனியில் நடந்த பிள்ளையின் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தவை, கொஞ்சம் ரொட்டி, கடவுச்சீட்டு, மதிப்பெண் சான்றிதழ். உயிர் போகும் வேளையிலும் சான்றிதழை விடாது சுமந்தது ஏன்? அதற்கு மதிப்பு உண்டு என்று தாயகத்தை நம்பியதால்! அந்த நம்பிக்கைக்கு டில்லி ஆளவந்தார் அளிக்கப்போகும் பதில் என்ன? அடுத்த விமானம் வந்திறங்கும் வரை காத்திராமல் இன்றே சொல்லட்டும். கேட்டுக்கொண்டே இருப்போம்.