கேள்வி வந்தால்தான் எண்ணுவோம்

டி.டி.கே. என்றால் இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது குக்கர்தான். மாதுங்கா மார்க்கெட்டில் கேஸ்கெட் வாங்கப் போனால்கூட அந்தப் பெயர் காதில் விழும். அந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி இந்த தேசத்தின் நிதியமைச்சராக இருந்தவர், பாராளுமன்றத்தில் கேட்ட கேள்விகளால் பதவியை இழந்தவர், அதற்கான விசாரணை நடந்ததும் நம்ம பம்பாயில்தான் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

பி.காம். படிக்கிற காலத்தில் 'முந்த்ரா ஊழல்' என்று ஒரு வரி படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன விஷயம் இது. வங்கியில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டின பிறகு படித்தால் வேறு மாதிரி தெரிகிறது.

1956-ல் ஆயுள் காப்பீட்டு கம்பெனிகளையெல்லாம் தேசியமயமாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்கு வாங்கிவிட்டார்கள். அந்தக் காலத்து ஒன்றேகால் கோடி! அந்த ஆறில் ஒன்று ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ். பைகுல்லா பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கம்தான். முந்த்ரா ஏற்கெனவே கடனில் தத்தளித்துக் கொண்டிருந்த ஆள். எல்.ஐ.சி.க்கு முதலீட்டுக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதைக் கேட்கவே இல்லை. கிரெடிட் கமிட்டி பார்க்காமல் மேலேயிருந்து ஒரு போன் வந்து லோன் சாங்ஷன் ஆவதைப் பார்த்த வங்கிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் இதைப் பற்றி ஒரு கேள்வி போனது. ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர் கேட்டார். பதிலில் பெரிதாக ஒன்றும் இல்லை. நவம்பரில் மறுபடியும் கேட்டார்கள். இந்தத் தடவை சபையில் வாய்மொழிப் பதில், மேற்கொண்டு குறுக்குக் கேள்விகள். அமைச்சர் நழுவினார். டிசம்பர் 16-ஆம் தேதி பெரோஸ் காந்தி எழுந்தார். அமைச்சருக்கும் அவருடைய செயலாளருக்கும் நடுவே நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்தே அவர் கையில் இருந்தது. பெரோஸ் யார்? இதே பம்பாயில் பிறந்த பார்சி. ஆளுங்கட்சி எம்.பி. போதாக்குறைக்குப் பிரதமர் நேருவின் மாப்பிள்ளை! இன்றைக்கு எந்தக் கட்சியிலாவது இப்படி ஒன்றைக் கற்பனை செய்ய முடியுமா சொல்லுங்கள்.

1958 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் ஒருநபர் கமிஷன் போட்டார்கள். விசாரணை எல்லாமே பொதுமக்கள் முன்னால். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்துவிட்டார் மனுஷர். செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு, 'எனக்குத் தெரியாது' என்று ஒதுங்க முடியாது என்றது அறிக்கை. பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா.

ஒரு தமிழர் விழுந்த கதையை இப்படி ரசித்துச் சொல்கிறாயே என்று மாதுங்கா மாமாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் 1962-ல் மறுபடி மந்திரிசபைக்கு வந்தார், 1963-ல் திரும்பவும் நிதியமைச்சரும் ஆனார். அந்த நிதிச் செயலாளர் எச்.எம்.படேல்கூட 1977-ல் ஜனதா ஆட்சியில் நிதியமைச்சரானார். யாரும் அழிந்து போகவில்லை. எனக்கு இதில் முக்கியம் வேறு. முதல் கேள்விக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கேள்வியில்தான் விரிசல் விட்டது.

இந்த இரண்டாவது கேள்விக்கு சபையில் ஒரு பெயர் உண்டு. துணைக் கேள்வி. லோக்சபாவில் ஒரு நாளைக்கு இருபது கேள்விகள் 'நட்சத்திரக் குறியிட்டவை'. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் விடாமல் துணைக் கேள்வி கேட்கலாம். இன்னொரு இருநூற்று முப்பது கேள்விகளுக்கு நட்சத்திரம் கிடையாது. எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. 'அப்படியா, ஏன்?' என்று கேட்க வழியில்லை. எந்தக் கேள்வி நட்சத்திர வரிசையில் ஏறும் என்பது குலுக்கல்.

இந்தப் பக்கம், அதாவது வங்கிக்குள், இது எப்படி வந்து இறங்கும் என்று சொல்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மண்டல அலுவலகத்திலிருந்து மெயில் வரும். தலைப்பில் 'பார்லிமென்ட் கொஸ்டின் - மிக அவசரம்'. கூடவே ஒரு எக்செல் தாள். இத்தனை கணக்கு, இத்தனை தொகை, வருஷ வாரியாக இன்று இரவுக்குள் வேண்டும். டீ குடிக்கப் போனவரைப் போன் போட்டுக் கூப்பிடுவோம். அதுவரைக்கும் யாருக்கும் தேவைப்படாத கணக்கு அது. எந்த ரெஜிஸ்டரிலும் தனியாக இருக்காது. டெல்லியில் யாரோ ஒரு எம்.பி. கேட்டதால் தேசம் முழுக்க ஆயிரக்கணக்கான கிளைகளில் உட்கார்ந்து எண்ணுகிறோம். சலித்துக்கொண்டுதான் எண்ணுவோம், அது வேறு விஷயம். ஆனால் கேள்வி வராவிட்டால் எண்ணவே மாட்டோம்.

மினிமம் பேலன்ஸ் அபராதம் அப்படி வெளியே வந்த கணக்குதான். தாராவியில் விடிகாலையில் இட்லி அவித்து தூக்கிக்கொண்டு கிளம்புகிற அக்காமார்கள் கணக்கில் நூற்றுச் சொச்சம் பிடித்திருப்பார்கள். "என் துட்டை ஏன் சார் எடுத்தீங்க?" என்று கவுண்டரில் நிற்பார்கள். ரூல் அப்படிம்மா என்போம். ஒரு கவுண்டரில் அது நூறு ரூபாய் தகராறு. 2023 ஆகஸ்டில் ராஜ்யசபாவில் கொடுத்த பதிலில் அது மொத்தமாக வந்து நின்றது. பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் 2018-லிருந்து மினிமம் பேலன்ஸ், கூடுதல் ஏ.டி.எம். பயன்பாடு, எஸ்.எம்.எஸ். கட்டணம் என்று வசூலித்தது 35,000 கோடிக்கு மேல். அதில் மினிமம் பேலன்ஸ் மட்டும் 21,000 கோடிக்கு மேல். 2024 ஜூலையில் லோக்சபாவில் இன்னொரு பதில்: பொதுத்துறை வங்கிகள் மட்டும் ஐந்து வருஷத்தில் 8,495 கோடி. ஸ்டேட் பாங்க் இந்த அபராதத்தை 2020-லேயே விட்டுவிட்டது. 2025-ல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி, பரோடா என்று வரிசையாக விட்டார்கள். பாராளுமன்றக் கேள்வியால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், டெபாசிட் பிடிக்கிற போட்டியும் ஒரு காரணம். ஆனால் அந்த மொத்தத் தொகை பேப்பரில் வராமல் இருந்திருந்தால் இட்லிக்கார அக்கா இன்னும் கவுண்டரில்தான் நின்று கொண்டிருப்பார்.

இனி எண்ணாமல் விட்ட கதை.

2020 லாக்டவுனை இங்கே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. தாராவியிலிருந்து நம்ம ஆட்கள் கிடைத்த வண்டியில் திருநெல்வேலிக்கும் விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் போனார்கள். அந்த செப்டம்பரில் பாராளுமன்றம் கூடியபோது கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். காரணம் கொரோனா, பதிலுக்குத் தகவல் கொடுக்கும் அதிகாரிகள் கூட்டமாக வர வேண்டியிருக்கும் என்றார்கள். முன்னுதாரணம் இல்லாமல் இல்லை, 1962 சீன யுத்தத்தின்போதும் எமர்ஜென்சியிலும் கேள்வி நேரம் நின்றிருக்கிறது. எழுத்துப் பதில் மட்டும் உண்டு என்றார்கள்.

எழுத்தில் என்ன வந்தது? ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, செப்டம்பர் 14-ஆம் தேதி தொழிலாளர் துறையின் பதில்: அப்படிப்பட்ட புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை. அவ்வளவுதான். நட்சத்திரக் கேள்வியாக இருந்திருந்தால் அடுத்த நொடியே யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள்: ஏன் பராமரிக்கவில்லை? ரயில்வேயிடம் கேட்டீர்களா? மாநிலங்களிடம் கேட்டீர்களா? வேடிக்கை என்னவென்றால் அதே வாரத்தில் ராஜ்யசபாவில் ரயில்வே அமைச்சர் இன்னொரு எழுத்துப் பதில் கொடுத்தார். ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்திருக்கிறார்கள் என்று. அப்படியானால் கணக்கு இருந்திருக்கிறது, ஒரு துறையின் மேஜையில். சாலையில் நடந்து போனவர்களின் கணக்கை ரயில்வே எப்படி வைத்திருக்கும்? அதை எண்ணச் சொல்லி நெருக்க அன்று சபையில் ஒரு துணைக் கேள்வி இல்லாமல் போய்விட்டது. ஊரை விட்டு வந்து பிழைக்கிற குடும்பங்கள் நாம். நம்மை எண்ணவில்லை என்பதை இவ்வளவு நேராக எழுத்தில் கொடுத்த பதிலை நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி ஒருவர், தாராவி தொண்ணூறடி ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர், இதைச் சொன்னபோது கேட்டார்: "அவனுவ சபையில சண்டைதானே தம்பி போடுதானுவ, இதுல கேள்வி எங்க கேக்கது?" நியாயமான கேள்வி. எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தாலும் காலை பதினோரு மணிக்கே சபையின் நடுவே இறங்கிவிடுகிறார்கள். இந்தத் தொல்லையால் 2014-ல் ராஜ்யசபாவின் கேள்வி நேரத்தைப் பகல் பன்னிரண்டுக்கு மாற்றினார்கள். இடம் மாறியதே தவிர சத்தம் குறையவில்லை. கேள்வி நேரம் கூச்சலில் போனால் அமைச்சருக்கு நிம்மதி. நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துப் பதிலாகிவிடும், குறுக்கே யாரும் கேட்க மாட்டார்கள். எதிர்க்கட்சியே அமைச்சருக்குச் செய்து கொடுக்கும் உபகாரம் இது! இன்னொரு பக்கம் கேள்வியை விற்றவர்களும் உண்டு. 2005 டிசம்பரில் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாகப் பதினோரு எம்.பி.க்களை வெளியேற்றினார்கள். காசு கொடுத்து வாங்குகிற அளவுக்குக் கேள்விக்கு மதிப்பு இருப்பது வியாபாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டுப் போடுகிற நமக்குத்தான் தெரியவில்லை.

தமிழ்நாட்டு சட்டசபையில் 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். செம்பூரில் உட்கார்ந்து நம்ம ஊர்ப் பாலம் எப்போது முடியும் என்று மந்திரி சொல்வதைக் கேட்கலாம். சீரியலைவிட மோசமில்லை.

ஆனால் தண்ணீர், குப்பை, கக்கூஸ், பள்ளிக்கூடம் இதெல்லாம் நமக்கு டெல்லியும் இல்லை, சென்னையும் இல்லை. மும்பை மாநகராட்சி. அங்கே 2022 மார்ச்சில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். ஏறத்தாழ நாலு வருஷம் 227 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கமிஷனரே நிர்வாகி. 2025-26 பட்ஜெட் 74,000 கோடியைத் தாண்டியது. அதைத் தயாரித்ததும் ஏற்றுக்கொண்டதும் ஒரே நிர்வாகம்தான். ஆடிட் கிளார்க்கே கேஷியராகவும் இருக்கிற கிளையை எந்த இன்ஸ்பெக்டராவது விடுவாரா? ஆசியாவிலேயே பணக்கார மாநகராட்சிகளில் ஒன்று என்று பேர், கேட்பதற்கு சபையில் ஆள் கிடையாது. இந்தியர்களுக்கே உரிய பொறுமையோடு நாமும் இருந்துவிட்டோம்.

இப்போது சபை திரும்பியிருக்கிறது. தாராவி ஜி-நார்த் வார்டு அலுவலகத்தில் வரும், மாதுங்கா எப்-நார்த், செம்பூர் எம்-வெஸ்ட். எங்கள் சொசைட்டி கூட்டத்தில் பேசி, எங்கள் பகுதிக் கவுன்சிலருக்கு ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறோம். 2022 மார்ச்சிலிருந்து 2026 ஜனவரி வரை இந்த வார்டில் பொதுக் கழிப்பறைகளுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எந்தெந்தத் தெருவில்?

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று பதில் வரும். அது எங்களுக்குத் தெரியும். பாராளுமன்றத்தில் அப்படிச் சொன்னால் மூன்று மாதத்துக்குள் திரட்டிக் கொடுக்க வேண்டும், கண்காணிக்க உறுதிமொழிக் கமிட்டி என்று ஒன்றே இருக்கிறது. இங்கே அப்படி வந்தால் கேட்பதற்குத் துணைக் கேள்வியையும் அதே தாளில் கீழே எழுதியாகிவிட்டது: எந்தத் தேதிக்குள்?