ஞாயிறு கிறித்தவர்களே, திங்கட்கிழமை நீங்கள் யார்?

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் அரைவேக்காட்டு மண் பாத்திரமாவதில்லை. பூசையோடு முடிந்துபோகும் விசுவாசமும் அப்படித்தான்.

பக்கத்து உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து எறையூரைப் பாருங்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. ஆனால் நமக்கு மட்டும் தனி வழி, தனிப் பிணவண்டி, தனிக் கல்லறை. பாகுபாட்டை ஒழியுங்கள், இல்லையேல் தனிப் பங்கு தாருங்கள் என்று கேட்டோம். 2008 மார்ச் 9 அன்று நம் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் சாதிக் கிறித்தவர் இருவர் செத்தார்கள். அந்தச் சாவையும் நாம் கொண்டாடவில்லை. சாதி தன் பிள்ளைகளையும் தின்னும்.

சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணிக்கே பெருந்தடை என்று 2003இல் தமிழக ஆயர்களிடமே சொன்னார் போப் இரண்டாம் ஜான் பால். கேட்டவர்கள் எத்தனை பேர்?

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவர் என்பதால் நமக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. கோயிலோ, தலித் என்பதால் நம்மைத் தள்ளி வைக்கிறது. அரசிடம் நமக்காக நீதி கேட்கும் ஆயர்களே, முதலில் உங்கள் கல்லறைகளில் அதைச் செய்து காட்டுங்கள்.

விசுவாசிகளே, உங்கள் வீட்டுச் சொம்பில் நாம் தண்ணீர் குடிக்கலாமா? உங்கள் பெண்ணை நம் பிள்ளைக்குத் தருவீர்களா? உங்கள் அப்பன் பக்கத்தில் நம் அப்பனைப் புதைப்பீர்களா?

பதில் சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுங்கள்.